வற்று நேரம்

அரோசா வளைகுடாவில் கடல் பின்வாங்கும்
நான்கு மணி நேரம் எங்களுடையது.
முழங்கால் வரை ரப்பர் காலணி,
இடுப்பில் வலைப்பை,
கையில் இரும்புப் பல் வைத்த வாருகோல்.
முப்பத்தொரு வருடமாக மட்டி பொறுக்கக் குனிந்தவள்.
வானம் என்ன நிறம் என்று கேட்டால்
சேற்றைப் பார்த்துத்தான் சொல்வேன்.

போன குளிர்காலத்தில் விரல்கள்
என் பேச்சைக் கேட்பதை நிறுத்தின.
விடியலில் பார்த்தால்
யாரோ இரவில் மாற்றி வைத்துவிட்டுப் போன கைகள்.
காபிக் குடுவையின் மூடியோடு மல்லுக்கு நின்றேன்.
மூடி ஜெயித்தது.
கதவிடுக்கில் கொடுத்துத் திருகினேன்,
சொந்த வீட்டில் திருடியைப் போல.

யாரிடமும் மூச்சுவிடவில்லை.
வருடா வருடம் சங்கத்தில்
அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.
'முடியவில்லை' என்ற ஒரு சொல்லுக்காகக்
காது தீட்டிக் காத்திருக்கும் மேசை
அங்கே உண்டு.
மேசைக்குப் பின்னால் எர்மீத்தாஸ்.

மூட்டுத் தேய்மானம், என்றார் டாக்டர், தலை நிமிராமல்.
தேய்ந்தது தேய்ந்ததுதான்.
பிராய்ஸிடம் போய்ப் பார்.

மருந்துக் கடை மாடியில்
ஆரஞ்சுத் தோல் வாசனையோடு ஒரு ஒல்லிப் பையன்.
எங்கே வலிக்கிறது என்று கேட்பான் என்றிருந்தேன்.
'எதைச் செய்ய முடியாமல் போனால்
உங்களுக்குக் கோபம் வருகிறது?'
மூடியைச் சொன்னேன்.
வாருகோலைச் சொல்லவில்லை.

உருக்கிய மெழுகில் என் கையை
முக்கி எடுத்தான், ஐந்து முறை.
மாதா கோயிலில் நேர்ந்துகொண்டு தொங்கவிடும்
மெழுகுக் கை போல் இருந்தது.
அந்தக் கைகள் யார் வலியை வாங்கிக்கொண்டனவோ தெரியாது.
இது கொஞ்சம் வாங்கிக்கொண்டது.

பிறகு பிசைவதற்கு ஒரு களிமண் உருண்டை.
பிறகு நாற்காலி.
கையை ஊன்றாமல் எழ வேண்டும், உட்கார வேண்டும்.
ஏழாவது முறை அவனைத் திட்டினேன்.
எட்டு, என்றான்.

'எலும்பை என்னால் வளர்க்க முடியாது.
தொடைத் தசைக்கு வேலை கொடுக்கலாம்.
மூட்டு தூக்கும் சுமையில்
அதுவும் ஒரு கை கொடுக்கும்.'

மூன்றாம் வாரம் வலி கூடியது.
போகாமல் இருந்துவிட்டேன், இரண்டு செவ்வாய்.
குடுவை மறுபடி கதவிடுக்குக்குப் போனது.
வெட்கம் கெட்டு வியாழக்கிழமை படியேறினேன்,
அன்று கடல் சாயங்காலம்தான் வற்றும் என்பதால்.

காத்திருக்கும் அறையில்
செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி ஒப்துலியா.
கணுக்காலில் மஞ்சள் ரப்பர் பட்டையோடு செஃபா.
இடுப்பு எப்படி என்று கேட்டால்
கப்பல் மாதிரி என்று சொல்கிறவள்.
திரைக்கு அந்தப் பக்கம்,
இரண்டு கையும் மெழுகில் அகப்பட்டு
மறைக்க வழியில்லாமல்,
எர்மீத்தாஸ்.

சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.
'கதவைச் சாத்து, தொசிந்தா' என்றாள்.
'குளிர் வருகிறது.'

செஃபாதான் முதலில் சிரித்தாள்.
சிரித்ததில் அவள் பட்டை அறுந்து
பிராய்ஸ் தாடையில் பட்டது.

அன்றுதான் வாருகோலைச் சொன்னேன்.
கொண்டுவரச் சொன்னான்.
பிடி ஒல்லி, அதனால்தான் விரல் இறுக்குகிறது,
என்று பஞ்சு வைத்து
சைக்கிள் டியூபால் சுற்றிக் கொடுத்தான்.
இப்போது கரையில் பதினொரு பிடிகள் பருத்திருக்கின்றன.
யாரும் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

தண்ணீர் இறங்கும் முன்
படகுத்துறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு
வரிசையாகக் குதிகாலைத் தூக்குகிறோம், இறக்குகிறோம்.
சுற்றுலா வந்தவர்கள்
ஏதோ பழங்காலச் சடங்கு என்று படம் எடுக்கிறார்கள்.
எர்மீத்தாஸ் எண்ணுகிறாள்.
அவள் எண்ணிக்கையில் எட்டுக்குப் பிறகு
மறுபடியும் எட்டு வரும்.

மழைக்கு முந்தின நாள்
சுண்டு விரல்தான் இன்னும் முதலில் சொல்கிறது.
சுட்டு விரல் நேராகவில்லை, ஆகப்போவதுமில்லை.
நேற்றுக் குடுவை.
வலித்தது.
திறந்தது.
காபித்தூள் தீர்ந்திருந்தது,
கடைக்கு நடந்தேன்.